குப்பை எடுப்பதா, மரம் நடுவதா, பறவை எண்ணுவதா? வாரத்தில் இரண்டு மணி நேரத்தை எந்த இயற்கைப் பணிக்குக் கொடுக்கலாம்

"வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பார்க்கிறேன். எதில் சேர்ந்தால் நல்லது?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். ஒரு பக்கம் கரையோரக் குப்பையைச் சேகரிக்கக் கூப்பிடுகிறார்கள், இன்னொரு பக்கம் மரம் நட. பறவைக் கணக்கெடுப்புக்கு ஆள் வேண்டும் என்கிறார்கள். சிறுவர்களை இயற்கை நடைக்கு அழைத்துப் போகத் துணைக்கு ஆள் தேடுகிறார்கள். எல்லாமே நல்ல காரியம் என்பதால்தான் தேர்ந்தெடுப்பது சிரமமாக இருக்கிறது. ஏதோ ஒன்றில் முதல் வாரம் போய், அது ஒத்துவராமல், அப்புறம் எதற்குமே போகாமல் விட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

என் தொடக்கமும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய கூட்டத்தோடு சேர்ந்து மரக்கன்று நட்டேன். படம் எடுத்துக்கொண்டோம், கைதட்டினோம், கலைந்தோம். மூன்று மாதம் கழித்து அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். நாங்கள் நட்ட வரிசையில் ஒன்றிரண்டுதான் பச்சையாக இருந்தன. காய்ந்து நின்ற ஒரு கன்றைப் பிடித்து லேசாக இழுத்தேன். கறுப்பு நாற்றுப் பையோடு முழுசாகக் கையில் வந்தது. பையைக் கிழிக்காமலே குழிக்குள் வைத்து மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள். வேர் அந்தப் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, வெளியே போக வழியில்லாமல் செத்திருந்தது. அது நான் வைத்த கன்றாகவும் இருக்கலாம்.

அன்றிலிருந்து எந்தப் பணிக்கு அழைப்பு வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்கிறேன்: இரண்டாவது முறை வரும்போது இங்கே எனக்கு என்ன வேலை இருக்கும்?

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் மேலே சொன்ன அந்தக் கேள்விதான். மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன். ஒரு நிலத்துக்கு ஒருநாள் ஆயிரம் பேர் வருவதைவிட பத்துப் பேர் வருஷம் முழுக்க வருவது பயன்படும்.

அடுத்தது, அந்த இடத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பது. மூன்றாவது, நமக்கும் கூட வரும் பிள்ளைகளுக்கும் என்ன புரிகிறது. நான்காவது, முன்பயிற்சி எவ்வளவு வேண்டும், உடம்பு எவ்வளவு ஒத்துழைக்க வேண்டும். கடைசியாக, அழைப்பிதழில் எழுதாத செலவுகள்: போக்குவரத்து, கருவிகள், கற்றுக்கொள்ள ஆகும் மாதங்கள், தவறாகச் செய்தால் அந்த இடத்துக்கே வரும் கேடு. இந்தக் கடைசி வகைச் செலவைப் பெரும்பாலும் யாரும் பேசுவதே இல்லை.

## குப்பை சேகரிப்பு

நுழைவதற்கு மிக எளிய வாசல் இது. பயிற்சி வேண்டாம். கையுறை, சாக்கு, தண்ணீர்ப் புட்டி இருந்தால் போதும். இரண்டு மணி நேரத்தில் கண்ணெதிரே பலன் தெரியும். 2008இல் எஸ்டோனியாவில் ஏறத்தாழ 50,000 பேர் ஒரே நாளில் நாடு முழுக்கக் கிடந்த குப்பையை அள்ளினார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் 2018இல் முதல் உலகத் தூய்மை நாள் நடந்தது.

ஆனால் அள்ளிய இடத்தில் மறுவாரம் மறுபடி குப்பை வந்து நிற்கும். இரண்டாவது முறையும் அதே வேலைதான். இதிலே மனம் விட்டுப் போகிறவர்கள் அதிகம். இதற்கு ஒரு நல்ல மாற்று இருக்கிறது: அள்ளுவதோடு எண்ணவும் செய்வது. 1986இல் டெக்சஸ் கடற்கரையில் தொடங்கிய பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மைப் பணியில், ஆரம்பத்திலிருந்தே ஒவ்வொரு பொருளையும் அட்டையில் குறிக்கும் வழக்கம் உண்டு. பல ஆண்டுகளாகப் பட்டியலில் முதலிடம் சிகரெட் துண்டுகளுக்குத்தான். 2019ஆம் ஆண்டுக் கணக்கில் முதல்முறையாக உணவுப் பொட்டல உறைகள் அதை முந்தின. இப்படிக் கையில் கணக்கு இருந்தால், எந்தப் பொருளைத் தடுக்க வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்று தெரியும். சாக்கு மூட்டையை மட்டும் கட்டிவிட்டு வந்தால் அது தெரியாது.

மறைமுகச் செலவுகள் சில உண்டு. சேகரித்த குப்பை எங்கே போகிறது என்று ஏற்பாட்டாளரிடம் கட்டாயம் கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால், அது இன்னொரு இடத்தில் குவியப் போகிறது என்றுதான் பொருள். உடைந்த கண்ணாடி, ஊசி போன்றவற்றைப் பெரியவர்கள் மட்டுமே, இடுக்கியால் எடுக்க வேண்டும். இன்னொன்று: கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பாசியும் மரக்கட்டையும் குப்பை இல்லை. அதற்கடியில் சின்னச் சின்ன உயிர்கள் வாழ்கின்றன, கரைப்பறவைகள் அங்கேதான் இரை தேடுகின்றன. சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று அதையும் வாரிவிட்டால் நாம் செய்தது கெடுதல்.

## மரம் நடுதல்

அதிகம் பேர் விரும்புவது இதைத்தான். அதிகம் வீணாவதும் இதில்தான். 2019 நவம்பர் 11 அன்று துருக்கியில் ஒரே நாளில் 1.1 கோடி மரக்கன்றுகள் நடப்பட்டன. சில மாதங்களுக்குள், தாங்கள் பார்த்த இடங்களில் 90 விழுக்காடு வரை பட்டுப்போயிருந்தன என்று வனத்துறைத் தொழிற்சங்கம் ஒன்று சொன்னது. அரசு அதை மறுத்தது. யார் கணக்கு சரி என்ற சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். நட்ட எண்ணிக்கை உலகத்துக்கே தெரிந்தது, பிழைத்த எண்ணிக்கையில்தான் தகராறு வந்தது. மரம் நடும் நிகழ்ச்சிகள் பெரும்பாலானவற்றில் நிலைமை இதுதான்.

எதிர்ப்புறத்தில் கென்யாவின் வாங்கரி மாத்தாய் 1977இல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தைப் பாருங்கள். அங்கே கிராமத்துப் பெண்களுக்குப் பிழைத்து வளர்ந்த ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். பிழைத்தால்தான் காசு என்றபோது தண்ணீர் ஊற்றுவதும் வேலி போடுவதும் தானாக வேலையின் பகுதியாகிவிட்டன. அந்த இயக்கம் கோடிக்கணக்கான மரங்களை வளர்த்தது. மாத்தாய்க்கு 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, மரம் நட அழைப்பு வந்தால் மூன்று கேள்விகள் போதும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தண்ணீர் யார் பொறுப்பு? கன்றுகள் அந்த மண்ணுக்குரிய இனங்களா? அந்த இடத்தில் மரம் இருக்கத்தான் வேண்டுமா? மூன்றாவது கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். இயற்கையான புல்வெளிகள் தரிசு நிலமல்ல. தரையில் கூடு கட்டும் பறவைகளும் மேயும் விலங்குகளும் திறந்த வெளியை நம்பித்தான் வாழ்கின்றன. அங்கே மரம் நட்டால் அவற்றின் வீட்டை எடுத்துக்கொள்கிறோம்.

இந்த மூன்றுக்கும் நல்ல பதில் சொல்லும் குழு கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். நடும் நாளுக்கு ஆள் குறைவதே இல்லை. தண்ணீர் ஊற்றும் நாள்களுக்குப் பெயர் கொடுங்கள்.

## களை எடுத்தலும் வாழிடம் மீட்டலும்

இது யாருக்கும் கவர்ச்சியாகத் தெரியாத வேலை. வெளியூரிலிருந்து வந்து பரவி, உள்ளூர்ச் செடிகளை மூச்சுவிட விடாமல் மூடும் தாவரங்களை வேரோடு எடுப்பது. படம் எடுத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் நான் பார்த்தவரை நிலத்துக்கு அதிகம் பயன்படுவது இதுதான்.

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்று இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். 1960களில், துறைமுகத்தையொட்டிய ஆஷ்டன் பூங்காவில் தினமும் நடக்கப் போகும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் களை பிடுங்கினார்கள். பெரிய கூட்டமும் இல்லை, இயந்திரமும் இல்லை. பார்த்துப் பார்த்து மூன்று விதிகளைக் கண்டுபிடித்தார்கள். களை மண்டிய இடத்தில் தொடங்காதே, நன்றாக இருக்கும் காட்டிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக நகர். மண்ணை முடிந்தவரை கிளறாதே, கிளறிய இடத்தை மேலே கிடந்த சருகாலேயே மூடு. உள்ளூர்ச் செடிகள் எவ்வளவு வேகத்தில் திரும்பி வருகின்றனவோ, அந்த வேகத்துக்கு மேல் போகாதே.

நமக்கு இயல்பாக வரும் புத்தி இதற்கு நேர்மாறு. மோசமான இடத்தைப் பார்த்ததும் அங்கேதான் பாய்வோம். ஒரே நாளில் மொட்டையடிப்போம். வெறுமையாகக் கிடக்கும் அந்த மண்ணில் அடுத்த மழைக்கு முதலில் முளைப்பது அதே களையாகத்தான் இருக்கும். நல்ல இடத்தின் ஓரத்தில் இரண்டு களையை எடுத்தால், பக்கத்திலேயே விதையோடு காத்திருக்கும் உள்ளூர்ச் செடி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நட வேண்டிய அவசியமே இருக்காது.

இரண்டாவது முறை போனால் வேலை இருக்குமா என்ற கேள்விக்கு இங்கே மிகத் தெளிவான பதில் உண்டு. போன முறை எடுத்த இடத்தில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை.

செலவுகளும் உண்டு. முதுகும் முழங்காலும் வலிக்கும். களையின் இளஞ்செடியையும் உள்ளூர்ச் செடியின் இளஞ்செடியையும் பிரித்தறியத் தெரியாவிட்டால் நல்லதைப் பிடுங்கிவிடுவோம். அதனால் முதல் சில வாரங்கள் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு களையை மட்டும் கற்றுக்கொண்டு, அதை மட்டும் எடுங்கள். விதை தாங்கிய களையைச் சுமந்து போகும் வழியெல்லாம் விதை கொட்டும். உடையிலும் காலணியிலும் ஒட்டியதைத் தட்டாமல் வந்தால் களையை நாமே அடுத்த இடத்துக்குக் கொண்டு போவோம். பலன் கண்ணுக்குத் தெரிய ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். பொறுமை இல்லாத பருவத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது எடுபடாது.

## உயிர்களைக் கணக்கெடுத்தல்

கையில் மண்படாமல் என்ன சேவை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு கிரெஃபெல்டு கதையைச் சொல்வேன். ஜெர்மனியின் அந்த நகரத்துப் பூச்சி ஆர்வலர் சங்கத்தில் பெரும்பாலானோர் சம்பளத்துக்கு வேலை செய்த விஞ்ஞானிகள் அல்லர், பூச்சிகள் மீது பிரியம் கொண்டவர்கள். 1989 முதல் 63 பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் ஒரே மாதிரிப் பொறிகளை வைத்து, விழுந்த பூச்சிகளை எடை போட்டு எழுதி வந்தார்கள். 27 ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது, பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 75 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. 2017இல் அது கட்டுரையாக வந்ததும் உலகம் முழுக்க அதிர்ச்சி. வட அமெரிக்காவில் 1970க்குப் பிறகு ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் தெரியவந்ததற்கும், ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் எழுதி வைத்த பறவைக் கணக்குகள்தான் பெரும் ஆதாரம்.

இந்த மரபு பழையது. 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளைச் சுடும் போட்டிக்குப் பதிலாக அவற்றை எண்ணலாம் என்று ஃபிராங்க் சாப்மன் அழைத்தார். 27 பேர் எண்ணினார்கள். அது இன்றும் நடக்கிறது. இப்போது கைப்பேசி இருந்தால் போதும். பார்த்ததைப் பதிவு செய்யச் செயலிகள் இருக்கின்றன: பறவைகளுக்கு ஈபேர்டு, எல்லா உயிர்களுக்கும் ஐநேச்சுரலிஸ்ட். பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் பெரும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் பங்கேற்க 15 நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தாலே போதும்.

புதியவர்கள் செய்யும் ஒரு பிழையை இங்கே சொல்லியாக வேண்டும். அரிதான பறவையைப் பார்த்தால்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறார்கள். காக்கையும் மைனாவும் புறாவும்தான் கணக்கின் முதுகெலும்பு. சாதாரணமானது குறையத் தொடங்குவதை, சாதாரணமாக இருந்தபோதே எண்ணி வைத்தவர்களால்தான் கண்டுபிடிக்க முடியும். பார்த்த அத்தனையையும் எழுதுங்கள். எதுவுமே வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், அதுவும் தகவல்தான்.

மறைமுகச் செலவு முதலில் நேரம். சுற்றியுள்ள ஐம்பது பறவைகளை உறுதியாகச் சொல்லச் சில மாதங்கள் ஆகும். பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி கொண்ட வகை தொடக்கத்துக்குப் போதும். பெரிய கேமரா ஆசைக்குள் உடனே விழ வேண்டாம். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டை நெருங்கிப் படம் எடுப்பது, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது போன்ற பழக்கங்கள் அந்தப் பறவைக்குத்தான் செலவு. அரிய இனத்தின் கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் போடக் கூடாது. ஐநேச்சுரலிஸ்ட் அழிவின் விளிம்பில் உள்ள பல இனங்களின் இடத்தைத் தானாகவே மங்கலாக்கிக் காட்டுவதற்குக் காரணமும் இதுதான்.

## சிறுவர்களை இயற்கைக்குள் அழைத்துப் போதல்

ஒருமுறை எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, நடைபாதை ஓரச் சருகை நீக்கி ஒரு மரவட்டையைக் கண்டாள். தொட்டாள். அது நாணயம்போலச் சுருண்டுகொண்டது. அடுத்த இடத்துக்குப் போகலாம் என்று நான் வாயெடுத்தேன். அவள் குந்தி உட்கார்ந்துவிட்டாள். நாலைந்து நிமிடம் அசையவில்லை. மெல்ல ஒரு பக்கம் விரிந்தது, உணர்கொம்பு முதலில் வெளியே வந்து தரையைத் தட்டிப் பார்த்தது, அப்புறம் கால்கள் அலை அலையாக நகர்ந்தன. "பயம் போயிடுச்சு" என்றாள். நான் தயாரித்து வைத்திருந்த பேச்சு எதுவும் அன்று தேவைப்படவில்லை.

இந்தப் பணியில் தன்னார்வலரின் முக்கியத் திறமை, அவசரப்படாமல் இருப்பது. பெயர்களை ஒப்பிக்க வைப்பதைவிட ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப அழைத்துப் போவது பலன் தரும். டென்மார்க்கின் வனப் பள்ளிகளைப் பார்த்து 1993இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியினர் தொடங்கிய முறையும் இதைத்தான் வலியுறுத்துகிறது: வருஷத்துக்கொரு சுற்றுலா போதாது, பருவம் மாறுவதைப் பார்க்கிற அளவுக்குத் தொடர் அமர்வுகள் வேண்டும். கண்ணுக்கும் நல்லது. சீனாவின் குவாங்சூ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு வைத்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அவர்களில் 30.4 விழுக்காடு, மற்றவர்களில் 39.5.

மறைமுகச் செலவு இதில்தான் அதிகம். பிள்ளைகளின் பாதுகாப்பு முழுப் பொறுப்பு. முதலுதவி தெரிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும், ஒவ்வாமை பற்றிப் பெற்றோரிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும், தண்ணீர் நிலைகளின் ஓரத்தை முந்தின நாளே போய்ப் பார்த்திருக்க வேண்டும். உங்கள் பின்னணியை விசாரிக்காமல் பிள்ளைகளை ஒப்படைக்கும் அமைப்பு என்றால், அதுவே அந்த அமைப்பின் மேல் சந்தேகப்படப் போதுமான காரணம். இரண்டு மணி நேர நடைக்கு இன்னொரு இரண்டு மணி நேரத் தயாரிப்பு சேரும். உங்களிடம் மொத்தமே இரண்டு மணி நேரம்தான் என்றால், தலைமை ஏற்காமல் துணையாளாகப் போங்கள்.

## பணம் கட்டிப் போகும் சேவைப் பயணங்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் பணம் கட்டி விலங்குகளுக்குச் சேவை செய்யும் பயணங்களில் நல்லவையும் உண்டு. ஆனால் குட்டி விலங்குகளைத் தூக்கலாம், கொஞ்சலாம், படம் எடுக்கலாம் என்று விளம்பரம் செய்தால் ஒதுங்கிவிடுங்கள். காட்டுக்குத் திரும்ப வேண்டிய விலங்கை மனிதக் கை பழக்கக் கூடாது. பயணச் செலவுத் தொகையை உள்ளூர்க் குழு ஒன்றுக்குக் கொடுத்தால் ஒரு வருஷத்துக்குக் கருவி வாங்க உதவும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| பணி | முன்பயிற்சி | பிள்ளைகளோடு | சொல்லப்படாத செலவு | இரண்டாவது முறை |
|---|---|---|---|---|
| குப்பை சேகரிப்பு | வேண்டாம் | இடுக்கியோடு சரி | குப்பை போய்ச் சேரும் இடம், காயம் | அதே வேலை; எண்ணினால் பயன் கூடும் |
| மரம் நடுதல் | அரை மணி நேரம் | மிகப் பிடிக்கும் | ஆண்டுக்கணக்கில் தண்ணீர், காவல் | பராமரிப்புக் குழு இருந்தால் மட்டும் |
| களை எடுத்தல் | சில வாரங்கள் | பத்து வயதுக்கு மேல் | உடல் வலி, தவறாகப் பிடுங்குதல் | எப்போதும் உண்டு |
| கணக்கெடுப்பு | சில மாதங்கள் | குறுகிய நேரம் என்றால் சரி | கற்கும் காலம், கருவி ஆசை | அதே இடத்தில் எண்ண எண்ண மதிப்பு கூடும் |
| சிறுவர் நடை | முதலுதவி, பாதுகாப்பு | அவர்களுக்காகவே | தயாரிப்பு நேரம், பொறுப்பு | பிள்ளைகளே கேட்பார்கள் |

## யாருக்கு எது

மாதம் ஒரு நாள்தான் முடியும், துணைக்கு நண்பர்களும் வருவார்கள் என்றால் குப்பை சேகரிப்புக்குப் போங்கள். எண்ணும் அட்டையோடு போங்கள்.

ஐந்து ஆறு வயதுப் பிள்ளை இருந்தால் சிறுவர் நடைக்குப் பெற்றோராகப் போவதே முதல் படி. ஒரு பருவம் போனபின் துணையாளாகச் சேரலாம். இந்த வயதில் குப்பையை முதல் அனுபவமாக்க வேண்டாம் என்பது என் கருத்து. ரசிக்கக் கற்ற பிறகு சுத்தம் செய்ய அழைத்தால், எதைக் காப்பாற்றுகிறோம் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

பதின்ம வயதினருக்குக் கணக்கெடுப்பு பொருந்தும். தங்கள் பதிவை உலகின் இன்னொரு மூலையில் உள்ள ஒருவர் சரிபார்க்கிறார் என்பது அவர்களுக்குப் பெரிய உற்சாகம். வேலைக் களைப்பு அதிகம், பேசவே பிடிக்கவில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்குக் களை எடுத்தல். இரண்டு மணி நேரம் கை மட்டும் வேலை செய்யும், மனசு ஓயும். மரம்தான் வேண்டும் என்று மனசு கேட்டால், ஏற்கெனவே நட்ட கன்றுகளைப் பராமரிக்கும் குழுவில் கோடைக்காலத்தில் சேருங்கள். அப்போதுதான் அவர்களுக்கு ஆள் கிடைப்பதில்லை.

முடிவெடுக்க முடியவில்லை என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆனால் மூன்றாவது மாதத்துக்குள் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதை. ஒரு மணி நேரம் பயணம் செய்து போகும் அழகான காட்டைவிட, பத்து நிமிட நடையில் இருக்கும் சாதாரணக் குளத்துக்குத்தான் மழை நாளிலும் போவோம்.

வெளியே நடமாட முடியாதவர்களும் கேட்கிறார்கள். சன்னல் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு, தினமும் ஒரே நேரத்தில் 15 நிமிடம், வரும் பறவைகளை எண்ணி எழுதுங்கள். காலையில் எத்தனை மணி, மேகமா வெயிலா, எந்தப் பறவை எத்தனை. அந்தச் சன்னலிலிருந்து தெரியும் மரத்தைப் பற்றி அப்படியொரு கணக்கு வேறு யாரிடமும் இருக்காது.